சளிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? குன்னூரில் எலி வளர்த்த மெக்கரிசன்

சளி பிடித்தால் தயிர்ப் பக்கமே போகாதே என்பார்கள் காரைக்குடி ஆச்சிகள். புரோபயாடிக் தயிர் சாப்பிட்டால் சளியே அண்டாது என்கிறது விளம்பரம். யார் சொல்வது சரி? வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவை நூறு வருஷத்துக்கு முன்பே நீலகிரியில் உட்கார்ந்து துருவியவர் ராபர்ட் மெக்கரிசன்.

1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக கில்கிட் போனபோது, கழுத்துக் கழலை எதனால் வருகிறது என்று பார்க்க, அந்த ஊர்த் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்த துணிச்சல்காரர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதே வருஷம்தான் இன்ஃப்ளூயன்சா நாடு முழுக்க உயிர்களை வாரிக்கொண்டு போனது.

சத்தில்லாத அரிசியைத் தின்ற குரங்குகளுக்கு முதலில் கெட்டது குடல்தான். குடல் சுவர் மெலிந்ததும் கிருமிகள் அதைத் தாண்டி உள்ளே நுழைந்ததைக் கண்டார். 1923-ல் சிக்கனம் என்று சொல்லி அரசு பணத்தை நிறுத்தியது. இரண்டு வருஷம் வேலை முடங்கியது.

திரும்ப வந்தவர் எலிகளுக்கு ஊர் ஊரான சாப்பாட்டைப் போட்டார். சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகள் இரண்டு வருஷத்துக்கு மேல் நோயில்லாமல் இருந்தன. தீட்டிய அரிசிச் சோறும் காப்பியுமான நம்ம மதராஸ் சாப்பாட்டுக்குக் கடைசி இடம்! ஆங்கிலேய ஏழைகளின் வெள்ளை ரொட்டி, ஜாம், டீயும் தப்பவில்லை. மட்டமான தீனி தின்ற எலிகளை அறுத்தால், அதிகம் கெட்டிருந்தவை நுரையீரலும் குடலும்தான்.

ஆனால் இதை வைத்துத் தயிருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. அவர் தயிரைத் தனியாகச் சோதிக்கவில்லை. சுவாசப் பாதையின் உட்சவ்வு பலவீனமாக வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று பார்த்தார். குடல் பாக்டீரியாவின் பங்கு வெகுகாலம் கழித்தே துலங்கியது: ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்த எலிகளில் இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பு தளர்ந்ததை 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. மனிதர்களிடம் புரோபயாடிக் சளியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆதாரம் இன்னும் மெலிசுதான். வந்த காய்ச்சலுக்கு அது மருந்தும் அல்ல.

மெக்கரிசன் 1935-ல் ஓய்வுபெற்று, 1960-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவரது குன்னூர் ஆய்வகம்தான் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.