புலியின் தடம் அறிந்த பெங்களூர்வாசி: கென்னத் ஆண்டர்சன்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் ஊருக்குப் போகும்போது ஓசூர் வழியாகச் செல்பவர்கள் பலர். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்ற பெயர்களைப் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் தினமும் பார்ப்பவர்களும் உண்டு. அந்த ஊர்களின் காடுகளை உலகமே அறியும்படி எழுதிய மனிதர் ஒருவர் இதே பெங்களூரில் வாழ்ந்து, இங்கேயே மறைந்தார். அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ஐதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் அவர் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவில் தங்கிவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம் அது. படித்தது பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பில் மனம் ஒட்டவில்லை, திரும்பி வந்துவிட்டார். கன்னடமும் தமிழும் நன்றாகப் பேசுவார். காட்டு மக்கள் அவரிடம் மனம் விட்டுப் பேச அதுவே வழி செய்தது.

மாதச் சம்பளக்காரர்

வேட்டைக்காரர் என்றதும் ராஜாக்களும் ஜமீன்தார்களும் நினைவுக்கு வருவார்கள். ஆண்டர்சன் அப்படிப்பட்டவர் அல்லர். தபால் தந்தி இலாகாவில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவின் மேலாளராக இருந்தார். கிடைத்த லீவு நாட்களில்தான் அவர் காட்டுக்குப் போக முடிந்தது. ஆட்கொல்லி ஒன்று ஊரை நடுங்க வைக்கிறது என்று செய்தி வந்தால், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தம்முடைய பழைய ஸ்டூடிபேக்கர் காரில் கிளம்புவார். லீவு முடிவதற்குள் புலி அகப்படாவிட்டால் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அரசாங்கப் பதிவேடுகளின்படி 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் சுட்டு வீழ்த்தினார். 1954-இல் லண்டனில் வெளியான அவரது முதல் நூலில் ஜவளகிரிப் புலியின் கதையும் கும்மளாபுரம் சிறுத்தையின் கதையும் உள்ளன. ஜாலஹள்ளியில் பலரைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும் வருவதற்கு முன் ஜாலஹள்ளி எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் அதைப் படித்துப் பார்க்கலாம்.

ஆட்கொல்லியை உண்டாக்கியது யார்?

ஜவளகிரிப் புலியின் கதையை ஆண்டர்சன் சொல்லும் விதம் மனத்தில் தங்குவது. அது ஒரு பெண்புலி. அதன் துணையைத் துப்பாக்கிக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். துணையைத் தேடி அலறிய அதற்கும் குண்டுக் காயம் பட்டது. அதன் பிறகுதான் அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது. கடைசியில் ஆண்புலியின் குரலைத் தம் வாயாலேயே எழுப்பி, அதை அருகே வரவழைத்து ஆண்டர்சன் சுட்டார். ஊர் பிழைத்தது. ஆனால் அந்த வெற்றியில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. துணையைத் தேடிய விலங்கை அந்தத் தாபத்தைக் காட்டியே ஏமாற்றிக் கொன்றோமே என்ற உறுத்தல் அந்தக் கதையைப் படிப்பவருக்கும் வந்து சேரும். புலி பிறவியிலேயே மனிதனுக்குப் பகையல்ல. மனிதன் செய்த காயம், இரையின் குறைவு, முதுமை இவையே பெரும்பாலும் அதை ஆட்கொல்லி ஆக்குகின்றன என்பதை அவருடைய கதைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பைராவிடம் கற்ற பாடம்

அவருக்குக் காட்டைக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் பைரா என்ற பூசாரி இன மனிதர். பென்னாகரத்துப் பக்கம் சின்னாற்றங்கரையில் தோண்டிய பொந்தில் மனைவி மக்களோடு வசித்தவர். கள்ள வேட்டையாடிப் பிழைத்தவர். எழுத்தறியாத அந்த மனிதரைத் தமக்கு ஆசானாகவே ஆண்டர்சன் மதித்தார். அவருடைய பெயரைத் தம் நூலின் ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பாக வைத்தார்.

இன்று புலி பார்க்கத் திட்டமிடுபவர்களுக்கும் அந்தப் பாடம் உதவும். விடியற்காலையும் அந்திப் பொழுதுமே புலி நடமாடும் வேளை. கோடையில் தண்ணீர் வற்றும்போது குட்டைகளின் ஓரம் பார்க்க வேண்டும். புழுதியில் பதிந்த தடம் புதிதா பழையதா என்று கவனிக்க வேண்டும். மந்தி மரத்திலிருந்து கத்தினாலும், புள்ளிமான் கூவினாலும் அங்கே புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்று அறியலாம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பல இரவுகள் பரணில் கொசுக்கடியில் உட்கார்ந்தும் புலியைக் காணாமலே ஆண்டர்சன் திரும்பியிருக்கிறார். ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று போகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் ஏமாற்றம் குறையும்.

கைமாறிய கருவி

வயது ஏற ஏற, துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தார். தாம் கண்ட காடுகள் வெட்டப்படுவதையும், நஞ்சு வைத்தும் இரவில் விளக்கடித்தும் விலங்குகள் கொல்லப்படுவதையும் பற்றித் துயரத்தோடு எழுதினார். 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே இருந்தன. அந்த ஆண்டே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுத்த 9 காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. அதற்கு மறு ஆண்டு, 1974 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். அந்தத் திட்டத்தின் பலனைக் காண அவருக்கு ஆயுள் இல்லை.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் 563 புலிகளும் தமிழ்நாட்டில் 306 புலிகளும் இருப்பதாக மதிப்பிட்டனர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் அமைந்தன. ஆயினும் காட்டை ஒட்டி வாழும் ஏழைக் குடியானவனின் மாடும் உயிரும் இன்றும் ஆபத்தில்தான் இருக்கின்றன. புலியும் பிழைக்க வேண்டும், அவனும் பிழைக்க வேண்டும். ஆண்டர்சன் தம் வாழ்நாளெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார். அடுத்த முறை ஓசூர் தாண்டிப் போகும்போது, மேற்கே தெரியும் அந்த மலைத்தொடரைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.