இளவரசி மறைத்து வைத்த நோய்

மருதானையில் எங்கள் வீட்டுச் சுவரில் நெடுநாள் தொங்கியது டயானாவின் படம் போட்ட நாட்காட்டி. வீட்டுக்கு வருகிற மாமிமார் அந்த மெல்லிய உடலைத்தான் புகழ்வார்கள். அந்த உடலுக்குள் ஒரு நோய் இருந்ததை வளர்ந்த பிறகே அறிந்தேன்.

1961இல் பிறந்த டயானாவுக்கு, 1981 பெப்ரவரியில் இளவரசர் சார்ள்ஸுடன் திருமணம் நிச்சயமான சில நாட்களிலேயே புலிமியா தொடங்கியது. அளவுக்கு மீறி உண்பதும், பின் குற்றவுணர்வில் வாந்தியெடுப்பதுமே இந்நோய். உடல் எடை பெரிதாக மாறாமலும் இருக்கலாம்; அதனால் வீட்டாருக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பும் குழம்பலாம்.

தனிமையும் மணவாழ்வின் விரிசலும் டயானாவின் நோயை வளர்த்தன. சிகிச்சைக்குப் போகாவிட்டால் விடயத்தை வெளியில் சொல்லிவிடுவதாகத் தோழி ஒருவர் மிரட்டினார். அதன் பிறகுதான், 1988 அளவில், உளநல மருத்துவர் மொரிஸ் லிப்ஸெட்ஜிடம் போனார். குணம் உடனே வரவில்லை. தொடர்ந்து பேசிப் பேசி, மெல்ல மெல்ல மீண்டார்.

1993இல் லண்டனில் உணவுப் பிறழ்வு மாநாட்டில் உரையாற்றினார். 1995இல் பிபிசி தொலைக்காட்சியில் தன் நோயைத் தானே சொன்னார். 1997 ஓகஸ்ட் 31இல் பாரிஸ் வீதி விபத்தில் இறந்தபோது வயது 36.

நாங்கள் இன்றும் பிள்ளைகளை மெலிந்ததற்காகப் பாராட்டுகிறோம், பருத்ததற்காகக் கேலி செய்கிறோம். சாப்பிட்டவுடன் அடிக்கடி குளியலறைக்கு ஓடும் பிள்ளையை அதட்டாமல், பக்கத்தில் இருந்து பேசுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் அழைக்கலாம். டயானாவுக்கு வழி திறந்தது, அவரைக் கைவிடாத அந்த ஒரு தோழியால்தான்.