பெயர் மறவாத பெருந்தகை

பல்லாண்டு கழித்துக் கல்லூரிக்கு மீளும் பழைய மாணவனை முதிய ஆசிரியர் ஒருவர் பெயர் சொல்லி அழைப்பாராயின், அவன் அடையும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. இவ்வின்பத்தின் ஆற்றலை நன்குணர்ந்து, அதனைத் தேர்தற் பணிக்கு ஆக்கியவர் அமெரிக்கராகிய ஜேம்ஸ் பார்லி. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பார்லி 1888ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, நியூயோர்க் மாகாணத்துக் கிராசி பொயின்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்து செங்கற் சூளையில் வேலை செய்தார். பின்னர்க் கணக்குவைப்புப் பயின்றார். 1912இல் மாற்றுக்கட்சியார் மலிந்த தம் ஊரிலே ஊர்ச்சபைக் காரியதரிசியாகத் தெரிவு செய்யப்பட்டார். கட்டடப் பொருள் விற்பனையாளராகவும் ஊரூராய்த் திரிந்தார். மக்களை அறிதலே அவர் ஈட்டிய செல்வம்.

1930இல் நியூயோர்க் மாகாண ஜனநாயகக் கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு, பிராங்ளின் ரூஸ்வெல்ற்றைச் சனாதிபதி அபேட்சகராக்கும் நோக்குடன் சியாற்றில் நகர்வரை பயணஞ் செய்து, 19 நாட்களில் 18 மாகாணங்களிற் கட்சித் தலைவர்களைச் சந்தித்தார். 1932இல் ரூஸ்வெல்ற் 48 மாகாணங்களுள் 42இல் வெற்றி பெற்றார்.

பார்லியின் கருவி ஒரு குறிப்புத் தொகுதியே. சந்தித்தவர் பெயர், மனைவி மக்கள், தொழில், முன்னர்ப் பேசிய பொருள் ஆகியன அதிற் பதியப்பட்டன. ஒருவர் மீண்டும் வருமுன் ரூஸ்வெல்ற் அக்குறிப்பை நோக்குவார். வந்தவரிடம் அவர் குடும்ப நலத்தைப் பெயர் சுட்டி வினவுவார். வந்தவரும் உளம் நெகிழ்ந்து செல்வார். இத்தகைய தொகுதி இன்றும் பார்லியின் பெயராலேயே வழங்குகின்றது.

இது வஞ்சகமன்றோ எனச் சிலர் வினவலாம். வாக்கைப் பெற்றபின் ஆளை மறப்பின், வஞ்சகமே. ஆயின், ஒருவர் கூறியதைச் செவிமடுத்தாலன்றிக் குறிப்பெழுதல் இயலாது. எழுதியவரிடத்து அன்புண்டோ இல்லையோ என்பதைத் தேர்தலுக்குப் பிந்திய நாட்களே காட்டும்.

அச்சோதனை பார்லிக்கே நேர்ந்தது. 1933 முதல் தபால் மா அதிபராக மந்திரிசபையில் வீற்றிருந்தார். 1936இல் மெயின், வெர்மொன்ற் என்னும் இரண்டையன்றி ஏனைய மாகாணங்கள் யாவும் ரூஸ்வெல்ற்றுக்கே எனக் கணித்தார், அவ்வாறே நிகழ்ந்தது. 1940இல் ரூஸ்வெல்ற் மூன்றாம் முறை போட்டியிடுதலை அவர் ஏற்றிலர். கட்சி மகாநாட்டிலே தம் பெயரையும் முன்வைக்க இசைந்து தோல்வியுற்றார், பதவியையும் துறந்தார். எத்தனையோ பேரின் பெயரைத் தலைவருக்கு நினைவூட்டிய நண்பர், இறுதியில் அத்தலைவரைப் பிரிந்து நின்றார். பின்னர்க் கொக்கா கோலா ஏற்றுமதிக் கம்பனியிற் பணியாற்றி, 1976 யூன் 9ஆந் திகதி காலமானார். 1982இல் நியூயோர்க்கின் பெருந் தபாற் கந்தோருக்கு அவர் பெயர் இடப்பட்டது.

மாணவர்காள்! மேடையேறுபவர் சிலர்; மேடையை ஆயத்தஞ் செய்பவர் பலர். பின்னவர் பணியை இழிவென எண்ணற்க. நம் ஆசிரியர்களிடம் இருந்த குறிப்புத் தொகுதி வகுப்பு இடாப்பு ஒன்றே. அதனை மூடிவைத்த பின்னரும் அவர்கள் நம் பெயரை மறந்திலர். யாமும் அவர்களை மறவாதிருப்போமாக.