டாக்டர் ராபர்ட் நோபிள்

வீட்டு முற்றங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் நீர் வார்ப்பாரின்றித் தழைத்து, ஆண்டு முழுதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் நம்முள் இரார். அச்சிறு செடியின் இலையினின்று புற்றுநோய்க்கு மருந்து கண்ட பெரியாருள் ஒருவர் டாக்டர் ராபர்ட் நோபிள். அவர் தேடியது ஒன்று, கண்டது மற்றொன்று.

கனடா தேசத்து டொராண்டோ நகரில் 1910-ஆம் ஆண்டு பிறந்த நோபிள், அந்நகரத்துச் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். தாயகம் திரும்பியபின், இன்சுலினைத் தூய்மை செய்வதில் புகழ்பெற்ற பேராசிரியர் காலிப் அவர்களிடம் சேர்ந்து, உடலின் சுரப்பிகளைப்பற்றி ஆராயலானார். காலிப் 1947-ஆம் ஆண்டு மேற்கு ஒண்டேரியோ சர்வகலாசாலைக்குச் சென்றபோது, நோபிளும் உடன் சென்றார்.

அவருடைய தமையனார் கிளார்க் நோபிளும் ஒரு வைத்தியர். 1952-ஆம் ஆண்டு ஜமெய்க்காத் தீவிலிருந்து அவருக்கு ஒரு தபால் வந்தது. அதனுள் இருந்தவை நித்தியகல்யாணியின் இலைகள் இருபத்தைந்து. அத்தீவினர் நீரிழிவுக்கு அவ்விலையைக் கஷாயமிட்டு அருந்துவர் என்று அறிந்த தமையனார், அவற்றைத் தம்பிக்கு அனுப்பிவைத்தார்.

நோபிள் அச்சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை சிறிதும் குறையவில்லை. சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். எலிகள் சில நாட்களில் மடிந்தன. மற்றொருவராயின், மருந்து பயனற்றது என்றெழுதி ஏட்டை மூடியிருப்பார். நோபிளோ, அவை ஏன் மடிந்தன என்று வினவினார். அறுத்துப் பார்த்தபொழுது, உடலெங்கும் கிருமிகளால் உண்டான சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகக் குறைந்திருந்தன. அவ்வணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும் நலிந்திருந்தது.

இங்கேதான் அவருடைய நுண்ணறிவு விளங்கிற்று. வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்! அவ்வணுக்களைக் குறைக்கும் நஞ்சு, அளவறிந்து கொடுப்பின், அந்நோயை அடக்கவுங் கூடுமன்றோ?

1954-ஆம் ஆண்டு சார்லஸ் பீர் என்னும் இரசாயன நிபுணர் அவருடன் சேர்ந்தார். பெருங்குவியலாகிய இலையிலிருந்து மிகச் சிறிதளவே மருந்து கிடைத்தது. ஆயினும் இருவரும் சலியாதுழைத்து, வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1958-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவில் எலை லில்லி நிலையத்தாரும் அச்செடியைத் தனியே ஆராய்ந்து வந்தனர். அவர்கள் முயற்சியால் வின்கிறிஸ்டின் என்னும் மற்றொரு மருந்தும் கிடைத்தது. உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் தோன்றும் நுண்ணிய இழைகளை உருவாகவொட்டாமல் தடுப்பதே இவற்றின் செயல். ஹாட்ஜ்கின் நோயால் வருந்துவோரும் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவரும் பலர் இவற்றால் உயிர் பிழைத்துள்ளனர். எனினும், இவை அளவு தவறின் உயிரைப் போக்கும் நஞ்சுகளேயாதலின், இலையைப் பறித்து வீட்டிற் கஷாயமிடுதல் பெரும் பேதைமையாகும்.

பின்னர் நோபிள் வான்கூவர் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராய்ப் பல்லாண்டு பணியாற்றி, 1990-ஆம் ஆண்டு காலமானார்.

மாணவ நண்பர்களே! சோதனைச்சாலையில் நாம் எதிர்பார்த்த விடை வாராதபோது, ஏட்டைக் கிழித்துவிட்டு அடுத்த மேசையைப் பார்த்தெழுதத் தோன்றும். அப்பொழுது மடிந்த எலிகளின்முன் நின்று, ஏன் என்று கேட்ட இப்பெரியாரை நினைவு கூர்வோமாக. பிழையெனத் தோன்றும் விடையையும் உள்ளவாறே எழுதி, அதன் காரணத்தை நாடுவதே உண்மை ஆராய்ச்சியாம்.