ஐந்து முறை தோற்ற யூஜின் டெப்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் பதவிக்கு 5 முறை போட்டியிட்டு, ஒரு மாநிலத்தில்கூட வெற்றி காணாதவர் யூஜின் விக்டர் டெப்ஸ். ஆயினும் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாறு அவரை விடுத்து எழுதப்படுவதில்லை.

இந்தியானா மாநிலத்து டெர்ரி ஹோட் நகரில் 1855ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். அல்சாஸ் பகுதியிலிருந்து குடியேறியிருந்த இலக்கிய ஆர்வலரான தந்தை, யூஜின் சூ, விக்டர் ஹியூகோ என்னும் பிரெஞ்சு நாவலாசிரியர் இருவரின் பெயர்களையும் இணைத்து மகனுக்குச் சூட்டினார். 14 வயதிலேயே பள்ளியை விட்டு ரயில்வே பணிமனையில் சேர்ந்த டெப்ஸ், பின்னர் நீராவி எஞ்சினின் உலைக்குத் தீயூட்டும் தொழிலாளியானார்.

தொழில்வாரியாகப் பிரிந்து கிடந்த ரயில்வே தொழிலாளரை ஒன்றுதிரட்ட 1893இல் அமெரிக்க ரயில்வே சங்கத்தை அமைத்தார். கறுப்பினத்தவரையும் சேர்க்க வேண்டுமென்று அவர் வாதாடியபோது சங்கத்தாரே அதனை ஏற்கவில்லை. 1894இல் புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் கூலியைக் குறைத்து, தன் குடியிருப்புகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது. அதனை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தத்தை அரசு நீதிமன்றத் தடையாணையாலும் படையாலும் ஒடுக்கியது. டெப்ஸ் 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையில் படித்த நூல்கள் அவரைச் சமதர்மக் கொள்கையின்பால் திருப்பின.

1900, 1904, 1908, 1912, 1920 ஆகிய ஆண்டுகளில் அவர் தேர்தல் களம் கண்டார். வெற்றி கிட்டாதென்பதை அறிந்தே நின்றார். தேர்தல் மேடையை மக்களுக்குக் கல்வி புகட்டும் இடமாகக் கருதினார். 1908இல் தனி ரயிலொன்றில் நாடெங்கும் சுற்றிப் பேசினார். முதல் தேர்தலில் ஏறத்தாழ 87 ஆயிரமாக இருந்த வாக்குகள், 1912இல் 9 இலட்சமாக, மொத்த வாக்குகளில் சுமார் 6 விழுக்காடாக, உயர்ந்தன.

முதல் உலகப் போரை எதிர்த்து 1918 ஜூன் 16ஆம் நாள் ஒகையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஆற்றிய சொற்பொழிவுக்காக அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1920இல் அட்லாண்டா சிறையில் 9653ஆம் எண் கைதியாக இருந்தபடியே இறுதியாகப் போட்டியிட்டார். பிரசாரத்திற்கு வெளிவர இயலாத நிலையிலும் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர். உட்ரோ வில்சன் மன்னிக்க மறுத்த அவரை, அத்தேர்தலில் வென்ற வாரன் ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸ் நாளன்று விடுவித்தார். சிறையில் நலிவுற்ற டெப்ஸ் 1926 அக்டோபர் 20ஆம் நாள் மறைந்தார்.

1912இல் அவர் கட்சி முன்வைத்த கோரிக்கைகளுள் பெண்கள் வாக்குரிமை 1920இலும், முதியோர் ஓய்வூதியமும் வேலையற்றோர் காப்பீடும் 1935இலும், குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1938இலும் நிறைவேறின. அவை டெப்ஸ் ஒருவரால் மட்டும் விளைந்தவையல்ல. எனினும், எள்ளி நகையாடப்பட்ட காலத்தில் அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர்களுள் அவர் முதன்மையானவர். பதவி அவருக்குக் கிட்டவில்லை. அவர் கேட்டவற்றுள் பல மக்களுக்குக் கிட்டின.