எண்ணெயை வசப்படுத்திய ராஜா ரவிவர்மா



பட்டுப்புடவை கட்டித் தாமரை மேல் நிற்கும் லட்சுமி படம் நிறைய வீடுகளில் இருக்கும். அப்படி வரைந்து புகழ் பெற்றவர் ராஜா ரவிவர்மா.

இவர் 1848 ஏப்ரல் 29-ல் திருவிதாங்கூர் கிளிமானூரில் பிறந்தார். 14 வயதில், அதாவது நம்ம வயசில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு ஓவியம் கற்கப் போனார். அங்கே மதுரை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு எண்ணெய்ச் சாயம் தெரியும். ஆனால் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கற்றுத் தந்தாராம். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியரும் வேடிக்கை பார்க்க மட்டுமே விட்டார். ரவிவர்மா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்!

அதில் அப்படி என்ன கஷ்டம்னு கேட்கிறீங்களா? தண்ணீர்ச் சாயத்தில் தண்ணீர் ஆவியானால் போதும், காய்ந்துவிடும். எண்ணெய் ஆவியாகாது. ஆளிவிதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு உள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதிகம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர்ந்ததும், மூலக்கூறுகள் தறியில் பாவும் ஊடும் போலப் பின்னிக் கெட்டிப் படலமாகின்றன. சும்மா விட்டால் இதற்குப் பல நாள் ஆகும். ஈயம், மாங்கனீசு, கோபால்ட் உப்பு துளி சேர்த்தால் சீக்கிரம் காயும். இவைதான் வினையூக்கிகள். கோபால்ட் எலக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் வேலையை வேகப்படுத்தும், தான் தீர்ந்து போகாது. அந்தக் காலத்து வெள்ளைச் சாயத்திலேயே ஈயம் இருந்தது. ஆனால் ஈயம் விஷம்!

தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு குறைவு, அதனால் அது காயாது. பழைய முறுக்கில் சிக்கு வாடை வருவதும் ஆக்சிஜன் வேலைதான். இரும்பும் செம்பும் அதை வேகப்படுத்தும். அதனால் சமையல் எண்ணெயைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது.

1873-ல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மா தங்கப் பதக்கம் பெற்றார். 1893-ல் சிகாகோவிலும் பரிசு கிடைத்தது. ராஜாக்கள் மட்டும் வாங்கிய படம் ஏழை வீட்டுக்கும் போகவேண்டும் என்று 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கடன் ஏறி அதை விற்க நேர்ந்தது. ஆனாலும் படங்கள் ஊரெங்கும் பரவிவிட்டன. 1906 அக்டோபர் 2-ல் காலமானார்.

கற்றுத்தர மறுத்தவர்கள் நடுவில் வளர்ந்தவர், தன் கலையை எல்லோருக்கும் கொடுத்தார். நாமும் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, தென்னேரி