மூச்சு போகும் வழியைச் சொன்ன இப்னு நஃபீஸ் (ரஹ்)

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறினால் பாதி மலையிலேயே காது அடைத்துக்கொள்ளும். மேலே போய் ஏரிக்கரையிலிருந்து மேட்டில் வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும். சூரா அல்அன்ஆமின் 125ஆம் வசனத்தில், வானத்தில் ஏறுபவனின் நெஞ்சு இறுகுவதை அல்லாஹ் உவமையாக்கியிருப்பது அப்போது நம் நினைவுக்கு வரும்.

காற்றை நாம் உறிஞ்சி இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் உயர்ந்து, நெஞ்சறை பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. சும்மா இருக்கும்போது இந்தக் குறைவு பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். அதற்கே வெளிக்காற்று உள்ளே பாய்ந்துவிடுகிறது. கடற்கரையில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் சுமார் 590தான். காற்று நுழைவதில் தடையில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜன் குறைவு. எனவே மூச்சு வேகமாகிறது.

அப்படி வந்த காற்று இரத்தத்தோடு எங்கே சேர்கிறது? நாம் அறிந்தவரை, இதற்குச் சரியான விடையை முதலில் எழுதியவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தவர். அங்குள்ள நூரி மருத்துவமனையில் அத்தக்வாரிடம் மருத்துவம் கற்று, பின் கெய்ரோ சென்றார். எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபி ஃபிக்ஹும் கற்பித்தார். (நம் கடலோர ஊர்களில் ஓதப்படும் அதே மத்ஹப்தான்.)

இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னார். இப்னு சீனாவும் அதை ஏற்றிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யாரும் மறுக்கவில்லை. 1242இல், அந்த இப்னு சீனாவின் நூலுக்கே விரிவுரை எழுதும்போது இப்னு நஃபீஸ் மறுத்தார். சுவர் கெட்டியானது, துளையே இல்லை. இரத்தம் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்து, இடப்புறம் திரும்புகிறது என்றார். நுரையீரலின் இரு குழாய்களுக்கும் இடையே நுண்வழிகள் இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். நுண்ணோக்கியில் மல்பீகி அவற்றைப் பார்த்தது 1661இல்.

உடல் முழுவதும் இரத்தம் சுற்றுவதையும் இவரே கண்டுபிடித்தார் என்று நம் மேடைகளில் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. அதை 1628இல் விளக்கியவர் ஹார்வி. காற்றழுத்தத்தை அளக்கும் வழியும் டாரிசெல்லிக்குப் பிறகே வந்தது. இல்லாததைச் சேர்த்து இவருக்குப் பெருமை தேட வேண்டியதில்லை.

நம்மை உறுத்துவது வேறு. அந்த விரிவுரை நூற்றாண்டுகளாகப் பெரிதாகக் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து வெளிக்கொண்டு வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ஹிஜ்ரி 687இல் (1288) நோயுற்றபோது, மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி மற்ற மருத்துவர்கள் சொன்னார்களாம். உடலில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பாமல் மறுத்துவிட்டார். வஃபாத்துக்கு முன் தம் வீட்டையும் நூல்கள் முழுவதையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதிவைத்தார்.